கார்த்திகையில் உப்பு வாருவார்களா?

தூத்துக்குடி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நல்லா இருக்கிறோம். நீ அனுப்பிய உன் உப்பள நாவலின் மூன்று அத்தியாயமும் படித்தாயிற்று. போனில் படித்தால் கண் பூத்துப் போகிறது என்று ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டேன். ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியும் வைத்திருக்கிறேன், கோபப்படாதே.

முதல் அத்தியாயம் பிரமாதம். விடியுமுன்னே டார்ச் லைட்டோடு அளத்துக்குப் போகிற பெண்களின் கேலிப் பேச்சு அப்படியே காதில் விழுகிறது. மூன்றாவதில்தான் மாட்டிக்கொண்டாய். கார்த்திகை மாசம் உன் கதாநாயகி பாத்தியில் உப்பு வாருகிறாள்! அளத்தில் கணக்கு எழுதியே காலம் தள்ளியவன் மகள் இப்படி எழுதலாமா? தெப்பத்தில் தேக்கிய உப்புத் தண்ணீர் வெயிலில் காய்ந்து, அதன் அடர்த்தி போமே அளவில் 25 டிகிரிக்குப் பக்கம் வந்தால்தான் பாத்தியில் உப்பு விளையும். ஐப்பசியில் ஒரு மழை அடித்தால் விளைந்ததும் கரைந்துவிடும். குவித்து வைத்த உப்பு அம்பாரத்தை ஓலை போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தை பிறந்து பாத்தி மிதித்துத் திருத்தினால்தான் மறுபடி வேலை.

அதற்காக அந்த அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டுவிடாதே. கார்த்திகையிலேயே இருக்கட்டும், உப்பை மட்டும் எடுத்துவிடு. வாருபலகை, வெடித்த பாதம், கூசுகிற கண் எல்லாம் முதல் இரண்டு அத்தியாயத்திலேயே வேண்டிய மட்டும் வந்துவிட்டது. சும்மா இருக்கிற மாசங்களில்தான் அளத்துக்காரர்களின் கதையே நடக்கும். கங்காணியிடம் முன்பணம் வாங்குவதும், அதனாலேயே அடுத்த வருஷமும் அதே அளத்தில் கட்டுப்பட்டுக் கிடப்பதும், கம்மல் அடகுக்குப் போவதும், பெண் பார்க்க ஆள் வருவதும் அப்போதுதான். இப்போது அரசு மழைக்கால நிவாரணம் என்று 5,000 ரூபாய் தருகிறது. உன் கதை நடக்கிற 1978-ல் அதெல்லாம் ஏது? பலசரக்குக் கடைக்காரரின் கடன் நோட்டுதான். அந்த நோட்டில் உன் கதாநாயகியின் பக்கத்தைப் புரட்டிப் பார், ஒரு அத்தியாயம் கிடைக்கும்.

என்ன படிக்கலாம் என்று கேட்டிருந்தாய். தூத்துக்குடி உப்பளம் என்றதும் எல்லோரும் ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ படி என்பார்கள். இங்கே வந்து தொழிலாளர்களோடு பழகி எழுதிய நாவல், 1979-ல் வந்தது. நல்ல நாவல்தான், ஆனால் நீ இப்போது தொடாதே. அதே ஊர், அதே காலம். படித்தால் அவர் பார்த்தது மட்டும்தான் உன் கண்ணிலும் படும். முதல் பிரதியை முடித்த அன்றைக்கே வேண்டுமானால் படி.

இப்போதைக்குப் பூமணியின் ‘வெக்கை’ போதும். ஒரு கொலையைச் செய்துவிட்ட பையன் அப்பனோடு காட்டில் ஒளிந்து திரிகிற சில நாள்தான் கதை. பழைய பகையெல்லாம் சோறு பொங்குகிற இடத்தில், நடக்கிற நடையில், பேச்சோடு பேச்சாக வந்து சேரும். நீ இரண்டாவது அத்தியாயம் முழுக்கத் தாத்தா காலத்துச் சங்கதியை ஒரே மூச்சில் கொட்டியிருக்கிறாயே, அதை எப்படிப் பிரித்துப் போடுவது என்பது அதில் இருக்கிறது. வேகமாகப் படிக்க வைக்கும், அதனால் இரண்டு தடவை படி.

ஆபீஸ் வேலையில் எழுத நேரமில்லை, எழுதினாலும் எவன் போடுவான் என்று போனில் புலம்பினாய். ப. சிங்காரம் மதுரை ‘தினத்தந்தி’யில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். 1962 வாக்கில் அவர் எழுதி முடித்த ‘புயலிலே ஒரு தோணி’ 1972-ல்தான் புத்தகமாயிற்று. உனக்கு அவ்வளவு நாள் ஆகாது, இப்போதுதான் தெருவுக்கு ஒரு பதிப்பகம் இருக்கிறதே! முதலில் கதையை முடி.

உன் கதையில் வருகிற அந்த வெற்றிலைக் கிழவி யார் என்று அம்மா துருவித் துருவிக் கேட்கிறாள். அவளுடைய ஆத்தா சாயல் என்று தெரிந்தால் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது. நான் வாயே திறக்கவில்லை, நீ பார்த்துச் சமாளித்துக்கொள்.

‘வெக்கை’யும் கிறுக்கிய தாள்களும் கூரியரில் வருகின்றன. அம்மா மக்ரூன் வைத்திருக்கிறாள், நொறுங்காமல் வந்ததா என்று சொல். நாலாவது அத்தியாயம் எப்போது?

அன்புடன்,
அப்பா