கடலில் இருக்கும் அண்ணனுக்கு

அண்ணே,

நேற்று ஓகி புயல் நினைவுநாள் பூசை முடிந்தது. நீ வழக்கம்போல் கடலில். போட் கொச்சி தொப்பும்படி துறைமுகத்துக்கு வந்து சிக்னல் கிடைக்கும்போது இதைப் படிப்பாய். அதற்குள் நான் சிட்னி போய்ச் சேர்ந்திருப்பேன். ஆமாம், டிசம்பர் 26 அன்று சிட்னியில் இருந்து டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டுக்குக் கிளம்பும் பாய்மரப் படகு ரேஸில் இந்த முறையும் ஏறுகிறேன். டிக்கெட் போட்டாயிற்று.

சின்னவனைப் பற்றி இங்கே ஒன்றும் எழுதப்போவதில்லை. நீரோடியில் இருந்து தூத்தூர் வரை, அந்தப் பக்கம் பொழியூரிலும் நாலு பேர் படிப்பார்கள். நமக்குத் தெரிந்தது நமக்குள் இருக்கட்டும்.

"வயிற்றுப்பாட்டுக்குக் கடலுக்குப் போறது வேற, வெள்ளைக்காரனோட விளையாடப் போறது வேற" என்றாய். அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் போன ரேஸின் கடைசியில் ஹோபார்ட்டுக்குப் போகும் டெர்வென்ட் ஆற்றில் கிடந்த ராத்திரிதான் வந்து நிற்கிறது. அதை நீ முழுசாகச் சொல்லவே விடவில்லை.

மொத்தம் 628 கடல் மைல். டாஸ்மன் தீவைச் சுற்றி, ஸ்டார்ம் பே தாண்டி, அயர்ன் பாட் விளக்கைக் கடந்து ஆற்றுக்குள் நுழைந்ததும் காற்று செத்துவிட்டது. அங்கே அது வழக்கம்தான். 2017இல் முன்னால் போன கமான்ஷி என்ற படகை வைல்ட் ஓட்ஸ் என்ற படகு அந்த ஆற்றில்தான் பிடித்துத் தாண்டியது. ஹோபார்ட் விளக்குகள் கண்ணெதிரே. பாஸ் ஜலசந்தியில் இருந்தே எங்களோடு மல்லுக்கட்டிய ஒரு படகு கல்லெறி தூரத்தில். ஸ்கிப்பர் எங்களை எல்லாம் ஒரே பக்கம் உட்கார வைத்தார். படகு சாய்ந்தால்தான் தொங்கிப்போன பாய் கொஞ்சமாவது வடிவம் பிடிக்கும். யாரும் பேசவில்லை. காலை அழுத்தி வைத்தால்கூட முறைத்தார். கயிறு என் கையில். காற்றைக் காட்டப் பாயில் ஒட்டிய கம்பளி நூல் அசைகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீரோட்டம் எங்களைப் பின்னால் தள்ளத் தொடங்கியது. நங்கூரம் போடலாமா என்று குசுகுசுத்தார்கள்.

அப்போதுதான் எச்சில் தொட்டுக் காதுமடலை நனைத்தேன். கரைக்காற்றுக்கு முன்னால் மண்வாசம் வரும், மூக்கைத் திறந்து வை என்பாயே! இடது காது சில்லென்றது. யூகலிப்டஸ் வாசம் வந்தது. "இடது கரையில் இருந்து வருது" என்றேன். ஸ்கிப்பர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டுச் சுக்கானைத் திருப்பினார். கயிற்றை விரற்கடை விரற்கடையாக இழுத்தேன். தொங்கிய நூல் எழுந்து பின்பக்கமாகப் படுத்தது. அந்தப் படகு அசையவே இல்லை, நாங்கள் நழுவிப் போனோம். பந்தயம் முடியும் கோட்டைத் தொடும் நேரத்தில் அவர்களுக்கும் காற்று கிடைத்து எங்கள் வால்பக்கம் வரை வந்துவிட்டார்கள். அவ்வளவுதான் இடைவெளி.

விடிந்ததும் உன்னைத்தான் முதலில் கூப்பிட்டேன். "எவ்வளவு கிடைக்கும்?" என்றாய். பணப்பரிசு கிடையாது என்றதும் போனை வைத்துவிட்டாய். அந்தக் காற்றைப் பிடித்துக் கொடுத்தது உன் வித்தை அண்ணே. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.

அம்மாவை இன்னொரு டிசம்பரும் தூங்க விடாமல் செய்வதற்கு மன்னித்துக்கொள். ஆனால் நினைவுநாளிலும் நீ கடலில் கிடக்கிறாயே, உன்னை யார் கேட்பது? விளையாட்டு என்கிறாய். 1998இல் அதே ரேஸில் புயல் அடித்து 6 பேர் செத்தார்கள். கிளம்பிய 115 படகில் 44தான் பந்தயத்தை முடித்தன. அதற்கப்புறம் பாதுகாப்பு விதிகளை இறுக்கினார்கள். இப்போது பாஸ் ஜலசந்திக்குள் நுழையும் முன் கிரீன் கேப் முனை அருகே பந்தயக் குழுவைக் கூப்பிட்டு, படகும் ஆட்களும் தொடர்ந்து போகும் நிலையில் இருக்கிறோம் என்று சொல்லியே ஆக வேண்டும். விளையாடப் போகிறவனுக்கு இவ்வளவு கேள்வி. ஓகி அடித்த 2017 நவம்பர் 30 அன்று ஆழ்கடலில் கிடந்தவர்களை யார் கூப்பிட்டுக் கேட்டார்கள்? இதற்கு மேல் எழுதினால் பெயர் சொல்ல வேண்டி வரும். வேண்டாம்.

உன் மேலும் கோபம்தான். லைப் ஜாக்கெட்டை ஐஸ் பெட்டிக்கு அடியில் திணித்து வைத்திருக்கிறாய். போன தடவை என் கண்ணால் பார்த்தேன். அவ்வளவு பட்ட பிறகும் அண்ணே!

என் ஜாக்கெட்டில் இருப்பது போலவே உனக்கும் ஒரு கருவி வாங்கி வைத்திருக்கிறேன். தண்ணீரில் விழுந்தவன் எங்கே கிடக்கிறான் என்று செயற்கைக்கோளுக்குச் சொல்லும். மைனியிடம் கொடுத்திருக்கிறேன். பதிவு செய்ய போட் பேப்பர் வேண்டும், அது உன்னிடம்தான் இருக்காம். தொப்பும்படி வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்.