இரண்டு அட்டைகளையும் சேர்த்துப் பார்த்தவருக்கு

குடியாத்தம் மெடிக்கல் ஷாப் அண்ணாவுக்கும், ஆட்டோ தம்பிக்கும், வேலூரில் அன்றிரவு பணியில் இருந்த டாக்டருக்கும் சிஸ்டருக்கும் வணக்கம்.

என் மகளுக்கு வலிப்பு நோய் இருக்கிறது. ஒன்பது வருடமாக இதை நான் வெளியில் சொன்னதில்லை. தினமும் சாப்பிடும் கார்பமாசெபைன் மாத்திரையைக்கூட, உள்ளூரில் தெரிந்துவிடும் என்று வேலூரில்தான் வாங்குவேன்.

கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வீடு நிறைய சொந்தக்காரர்கள். மகளுக்குச் சளியும் காய்ச்சலும். கிளினிக்கில் டாக்டர், "வேற ஏதாவது மாத்திரை ஓடுதாம்மா?" என்று கேட்டார். கூட நாத்தனார் இருந்தார், வரன் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. "இல்ல சார்" என்றேன். அவர் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தவறு அவருடையது இல்லை, என்னுடையது.

மூன்றாம் நாள் காலை, "அம்மா, நீ ரெண்டா தெரியுற" என்றாள். நடந்தால் தள்ளாடினாள், வாந்தி நிற்கவில்லை. பித்தம் என்று எலுமிச்சைச் சாறு கொடுத்தேன். சாயங்காலம் வாந்திக்கு மாத்திரை கேட்டு உங்கள் கடைக்கு வந்தேன் அண்ணா. கடையில் கூட்டம். ஆனாலும் நீங்கள் கேட்டதைக் கொடுத்து அனுப்பிவிடவில்லை. ஓரமாக அழைத்து, குரலைத் தாழ்த்தி விசாரித்தீர்கள். பையிலிருந்த இரண்டு மாத்திரை அட்டைகளையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் உங்கள் முகம் மாறியது. "பிட்ஸ் மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்கம்மா, திடீர்னு நிறுத்துனா வலிப்பு வந்துடும். இப்பவே வேலூர் போங்க" என்றீர்கள். அன்றிரவு எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆட்டோ தம்பி, பள்ளிகொண்டா வழியாக அவள் தலை ஆடாமல் ஓட்டிக்கொண்டு போனாய். கூலி வாங்க மறுத்ததை மறக்க மாட்டேன்.

டாக்டர் ஐயா, ரத்தத்தில் கார்பமாசெபைன் அளவு 17 என்று வந்தது. 4 முதல் 12 வரைதான் இருக்க வேண்டும் என்றீர்கள். கல்லீரலில் அந்த மருந்தைக் கரைத்து வெளியேற்றும் நொதியைக் கிளாரித்ரோமைசின் தடுத்துவிட, மருந்து உடம்பிலேயே தேங்கிவிட்டது என்று எனக்குப் புரியும்வரை சொன்னீர்கள். அதே வகை ஆன்டிபயாடிக்கான எரித்ரோமைசினும் அப்படித்தானாம். கிளாரித்ரோமைசினை நிறுத்தி, அமாக்சிசிலின் என்ற வேறு ஆன்டிபயாடிக் கொடுத்தீர்கள். வலிப்பு மாத்திரையில் ஒரு வேளையை மட்டும் தள்ளிவைத்தீர்கள். இரண்டு நாளில் பார்வை தெளிந்தது.

வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தைச் சாப்பிடுபவர்களுக்கு மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் இதற்கு நேர்மாறாக மருந்தின் அளவு ஓரிரு நாளில் சரிந்து வலிப்பு திரும்பலாம் என்றும், சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் தானாகவே வலிப்பைத் தூண்டக்கூடும் என்றும் நீங்கள் சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்துத் தெருவில் இன்னொரு பிள்ளைக்கும் வலிப்பு உண்டு, அவன் அம்மாவிடம் அந்தத் தாளைக் காட்டினேன்.

சிஸ்டர், விடியற்காலை மூன்று மணிக்கு அழுதுகொண்டிருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பைத் தடையாகச் சொன்ன வார்த்தையை 1999லேயே எடுத்துவிட்டார்கள் என்றீர்கள். எனக்கு அது தெரியவே தெரியாது. அரசாங்கமே எடுத்துவிட்டதை நான்தான் மனசில் வைத்து, என் பிள்ளையை இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வரன் வீட்டாரிடம் நாங்களே சொல்லிவிட்டோம். பதில் இன்னும் வரவில்லை.

அண்ணா, அடுத்த மாத மாத்திரைக்கு நான் வேலூர் போகப்போவதில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு மகளே உங்கள் கடைக்கு வருவாள்.

இப்படிக்கு,
ஒரு தாய், குடியாத்தம்