பாலாணம் கொதிக்கக் கூடாது

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் காட்டிய கத்தரிக்காய்கள் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கின்றன. ரொறொன்ரோவில் வீட்டுக்குப் பின்னால் நாலு சாடியில் வைத்து நீயே காய்க்கப் பண்ணியிருக்கிறாய். அதில் தேங்காய்ப்பால் விட்டு ஆக்கிய பாலாணம் திரைந்து போய், பிள்ளைகள் தொடவில்லை என்று சொன்னபோது உன் குரல் உடைந்ததும் எனக்குக் கேட்டது. உனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

தேங்காய்ப்பால் இரண்டு காரணத்தால் திரையும். ஒன்று கடுங்கொதி, மற்றது அடுப்பில் இருக்கும்போதே புளி சேர்ப்பது. நீ ரின்னில் வரும் தேங்காய்ப்பால்தானே பாவிக்கிறாய்? பாதிப் பாலில் இரண்டு கோப்பைத் தண்ணீர் ஊற்றிக் கலக்கு. வெட்டி உப்புத் தண்ணீரில் போட்ட கத்தரிக்காயை (அப்போதுதான் கறுக்காது) பிழிந்தெடுத்து, அந்தத் தண்ணிப்பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள், கொஞ்சம் வெந்தயத்தோடு அவியவிடு. அவிந்த பிறகு நெருப்பைக் குறைத்து, மிச்சக் கெட்டிப்பாலை ஊற்றி, அகப்பையால் துழாவிக்கொண்டே நில். ஓரத்தில் ஆவி எழும்பும், சின்னக் குமிழி வரும். உடனே இறக்கிவிடு. தேசிக்காய்ப்புளி சட்டி கொஞ்சம் ஆறிய பிறகுதான். கொய்த அன்றைக்கே ஆக்கும் காய்க்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் மகள்.

இதை எனக்குச் சொல்லித் தந்தது உன் அம்மம்மா. அவ மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையில் இருக்கிற படுவான்கரையிலிருந்து வரும்போதெல்லாம் பனையோலைப் பெட்டி நிறையக் கத்தரிக்காயும் பயற்றங்காயும் கொண்டுவருவா. அப்போது மண்முனையில் பாலம் இல்லை. 2014இல்தான் திறந்தார்கள். பாதை என்கிற அந்தப் பெரிய படகில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும். பாதை அக்கரையில் நின்றால் வெயிலில் காத்திருக்க வேண்டும். கச்சான் காற்று வெக்கையாக அடிக்கிற மாதங்களில் அந்தக் காய்கள் வீடு வருமுன்பே வாடத் தொடங்கிவிடும். அதனால் அவ வந்து இருந்து ஒரு மிடறு தண்ணீர் குடிப்பதற்குள் நான் அடுப்பை மூட்டிவிடுவேன். ஒரு பாலாணம், பயற்றங்காய் வெள்ளைக்கறி, பொரித்த கீரிமீன். எங்கள் வயல் வட்டையில் விளைந்த சிறுபோகத்து அரிசிச் சோறு. அவ்வளவுதான் சாப்பாடு. நீயும் தம்பியும் சட்டியை வழித்துச் சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறதா?

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு தொடங்கினால் கடைசிச் சடங்கான திருக்குளிர்த்தி முடியும் வரைக்கும் மீன் சட்டி ஏறாது. உனக்கு அது பிடிக்காது. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருப்பாய். வளவு மாமரத்தில் பழுத்ததைச் சோற்றோடும் முட்டித் தயிரோடும் பிசைந்து தந்தால் சரியாகிவிடுவாய். வெள்ளரிப்பழத்தைச் சீனி போட்டுப் பிசைந்து, தேங்காய்ப்பாலும் ஊற்றித் தருவேன். வெடித்துச் சிதறாமல் இலையால் சுற்றிக் கட்டி விற்பார்களே, அந்தப் பழம்தான். இந்த முறை வாங்கியபோது உன்னை நினைத்து இரண்டாகவே வாங்கினேன்.

2022இல் காஸ் கிடைக்காமல் கொல்லையில் மூன்று கல் வைத்து ஆக்கினேன் என்று சொன்னேனே, அப்போது நீ அழுதாய். அழ வேண்டாம் மகள். அந்த மாதங்களில் வளவு முருங்கையில் இலையும் காயும் இருந்தன. இலையைச் சுண்டினேன், காயை வாவி இறாலோடு ஆக்கினேன். நானும் அப்பாவும் வயிறு நிறையத்தான் சாப்பிட்டோம்.

உனக்கு அங்கே கோடை என்பது இந்த மூன்று நாலு மாதம்தான். கடையில் நீ காட்டும் அந்தப் பச்சைச் சுக்கினியையும் இதே மாதிரி ஆக்கலாம். அது தானாகவே தண்ணீர் விடும், தண்ணிப்பாலைக் குறைத்துக்கொள். தக்காளி சேர்த்தால் திரையும், அதைத் தனியாகச் சம்பலாக அரை. வேலையால் வந்து மூன்று கறி ஆக்க நிற்காதே. ஒரு கறியும் சோறும் ஆக்கிவிட்டுப் பிள்ளைகளோடு இருந்து சாப்பிடு. காயைப் பறிக்கவும் அவர்களை விடு. தாங்களே பறித்ததை ஒதுக்க மாட்டார்கள்.

அப்புறம் ஒன்று. நல்ல காய் ஒன்றைப் பறிக்காமல் செடியிலேயே விடு. மஞ்சளாகப் பழுத்ததும், குளிர் வருவதற்கு முன் எடுத்து, விதையைக் கழுவி நிழலில் காயவை. அதில் கொஞ்சத்தை மடித்து எனக்கும் எடுத்து வை. வரும்போது கொண்டு வா.

அன்புடன்,
அம்மா