வெள்ளியின் மின்னழுத்தத்தை ஏன் இரண்டால் பெருக்குவதில்லை?

மன்னார்குடி

அன்புமிக்க நண்பர் சுந்தரம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். கடைமடை வரை தண்ணீர் வந்துவிட்டதால் சம்பா நடவு தடையின்றி நடக்கிறது. உங்கள் பேத்தி கேட்ட கேள்வி எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் பலரும் கேட்காமலேயே கடந்துபோகும் இடம் அது.

தாமிரமும் வெள்ளியும் கொண்ட மின்கலத்தில் தாமிர அணு இரண்டு எலக்ட்ரான்களை விடுகிறது. வெள்ளி அயனியோ ஒன்றைத்தான் ஏற்கிறது. ஆகவே எலக்ட்ரான் கணக்கு சமமாக, வெள்ளியின் அரைவினையை, அதாவது அயனி எலக்ட்ரானை ஏற்று உலோகமாகும் பாதி வினையை, இரண்டால் பெருக்குகிறோம். அப்படியானால் அதன் திட்ட ஒடுக்க மின்னழுத்தமான (எலக்ட்ரானை ஏற்கும் நாட்டத்தைக் காட்டும் அளவான) 0.80 வோல்ட்டையும் பெருக்க வேண்டாமா என்கிறாள். பெருக்கி, தாமிரத்தின் 0.34 வோல்ட்டைக் கழித்தால் 1.26 வோல்ட் வரும். மின்கலத்தின் உண்மையான மின்னழுத்தமோ 0.46 வோல்ட்.

வோல்ட் என்பது மொத்த ஆற்றல் அன்று. ஒரு கூலூம் மின்னூட்டத்துக்கு இத்தனை ஜூல் என்னும் வீதம். வெள்ளி அயனிகள் ஒரு மோலுக்கு (மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு) பதிலாக இரண்டு மோல் எலக்ட்ரான்களை ஏற்று ஒடுங்கும்போது ஆற்றல் இரட்டிப்பாகிறது என்பது மெய்யே. ஆனால் கடந்துசெல்லும் மின்னூட்டமும் 96,485 கூலூமிலிருந்து 1,92,970 கூலூமாக இரட்டிப்பாவதால், முன்னதைப் பின்னதால் வகுக்கும்போது வீதம் மாறாமல் நிற்கிறது. பாடநூல்கள் இதை ‘பொருளின் அளவைச் சாராத பண்பு’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடிந்ததே இல்லை. ஸ்கூட்டர் பேட்டரியையும் டிராக்டர் பேட்டரியையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். இரண்டும் 12 வோல்ட்தான். இரண்டிலும் ஏறத்தாழ 2 வோல்ட் தரும் ஆறு ஈய அமிலக் கலங்களே உள்ளன. பெரிய தகடுகள் அதிக மின்னோட்டத்தைத் தரும், நெடுநேரம் உழைக்கும், வோல்ட்டைக் கூட்டுவதில்லை.

கரைசலின் செறிவு மாறினால் நிலைமை வேறு. செறிவையும் மின்னழுத்தத்தையும் இணைத்து 1889இல் ஜெர்மன் வேதியியலாளர் வால்தர் நெர்ன்ஸ்ட் தந்த சமன்பாட்டில், அவள் தேடிய அந்த ‘இரண்டு’ என்னும் எண், வெள்ளி அயனிச் செறிவின் அடுக்காக வந்து அமர்கிறது. அதனால்தான் 25 டிகிரி செல்சியஸில் வெள்ளி அயனியின் செறிவைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் மின்னழுத்தம் சுமார் 0.06 வோல்ட் இறங்குகிறது. தாமிர அயனியின் செறிவைப் பத்து மடங்காக்கினாலோ அதில் பாதிதான் இறங்கும். இவ்விரண்டையும் அவளே கணக்கிட்டு, விடையை எனக்கு எழுதட்டும்.

அன்புடன்,
ராஜகோபாலன்