கைக்குழந்தைக்கு ரஜாய் வேண்டாம்

ஆசிரியருக்கு,

மார்கழி பிறப்பதற்குள் தில்லி வீடுகளில் ரஜாய்கள் (பஞ்சு அடைத்த கனத்த போர்வைகள்) பரணிலிருந்து இறங்கிவிடும். மகளின் பிரசவத்துக்காக ஊரிலிருந்து வரும் அம்மாக்களுக்கு இந்தக் குளிர் புதிது. ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ், மேலே ரஜாய் என்று பிள்ளையை மூட்டை கட்டிவிடுகிறார்கள். அது அசையாமல் தூங்கினால் அவர்களுக்கு நிம்மதி, செவிலியர்களான எங்களுக்குக் கவலை.

உடம்பு அதிகம் சூடானால், மூச்சு தடைப்படும்போது விழித்துக்கொள்ளும் திறன் பிள்ளைக்குக் குறைகிறது. பெரியவர்கள் போட்டிருப்பதைவிட ஒரு துணி கூடுதலாக இருந்தால் போதும். கைகால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். அறை கதகதப்பாக இருந்தால் தூங்கும்போது குல்லாவும் வேண்டாம். (குறைமாதக் குழந்தைகளுக்குக் கணக்கு வேறு, மருத்துவர் சொன்னபடி செய்யுங்கள்.) படுக்கை கெட்டியாக, சமமாக இருக்க வேண்டும். மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும். தலை உருண்டையாக வரட்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணை உட்பட எந்தத் தலையணையும் ஒரு வயது வரை கூடாது. குளிர்காயும் கரி அடுப்பான அங்கீட்டியை அறைக்குள் கொண்டுவரவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது.

தூளியே கட்டாதீர்கள் என்றால் எந்தப் பாட்டியும் கேட்கப்போவதில்லை. ஆனால் தூளியில் முதுகு வளைந்து தாடை நெஞ்சில் அழுந்தும். சின்னஞ்சிறு மூச்சுக்குழாய் அப்படியே மடங்கும். பக்கத்தில் ஒருவர் இருந்து ஆட்டித் தூங்க வைக்கலாம். தூங்கியதும் படுக்கைக்கு மாற்றுங்கள். உடனே அல்ல: முதல் இருபது நிமிடம் போல முகம் சுளிக்கும், முனகும், கண்ணிமை துடிக்கும். கையைத் தூக்கி விட்டால் தொப்பென்று விழும் நிலை வந்ததும், முதலில் பிட்டம், பிறகு தலை என்று கிடத்தி, நெஞ்சில் சற்று நேரம் கையை வைத்திருங்கள்.

நடு இரவிலும் இதே முனகல் வரும். பாதிப் பேர் அதை அழுகை என்று நினைத்துத் தூக்கித் தாங்களே எழுப்பிவிடுகிறார்கள். ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். ஆனால் துண்டு துண்டாக. இரவு பகல் என்ற உடல் கணக்கு அதற்கு இரண்டு, மூன்று மாதம் கழித்தே படியும். தில்லியில் புகைக்கும் குளிருக்கும் பயந்து நாள் முழுக்கத் திரைச்சீலையை மூடி வைத்துவிட்டு, இரவு இரண்டு மணிக்கு ட்யூப்லைட்டைப் போட்டுப் பிள்ளையைக் கொஞ்சினால் அது எப்படிப் படியும்? ஜன்னல் மூடியிருக்கட்டும், திரையை மட்டும் காலையிலேயே விலக்குங்கள். பகலில் பேச்சும் குக்கர் சத்தமும் கேட்கட்டும். இரவில் மங்கலான விளக்கில் பேச்சில்லாமல் பாலைக் கொடுத்து, ஏப்பம் விட வைத்துப் படுக்க வையுங்கள்.

முதல் இரண்டு வாரம் மட்டும் நேர்மாறு. பிறந்ததும் சற்றுக் குறையும் எடை பழையபடி திரும்பும் வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும். பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருக்கும் குழந்தை சமர்த்து அல்ல. மஞ்சள் காமாலையோ கிருமித் தொற்றோ இருக்கலாம். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போகிறதா என்று பாருங்கள்.

தூக்கத்துக்காக வசம்பு உரசித் தேனில் குழைத்து நாக்கில் தடவவே கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். தூக்கத்துக்காகச் சளி மருந்தும் கொடுக்கக் கூடாது. குளோர்பெனிரமைனும் பினைல்எப்ரினும் சேர்ந்த சிரப்பை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-லேயே சொல்லிவிட்டது.

மருத்துவமனைகளுக்கு ஒரு வேண்டுகோள். டிஸ்சார்ஜ் அன்று இதையெல்லாம் அசதியில் இருக்கும் தாயிடம் மட்டும் ஹிந்தியில் ஒப்பிக்கிறார்கள். வீட்டில் பிள்ளையைத் தூங்க வைப்பவர் பாட்டி. அவரையும் உட்கார வைத்து, மொழி தெரிந்த ஒருவரைக் கொண்டு, ஒரு பொம்மையைக் கிடத்திக் காட்டிச் சொல்லுங்கள்.

பச்சிளங்குழந்தைப் பிரிவில் பணிபுரியும் தமிழ்ச் செவிலியர் சிலர்,
மயூர் விஹார், தில்லி