சங்கீர்த்தனம் பற்றி நீ கேட்டதற்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். மூத்தவன் என்எஸ்ஸில், அதான் சிங்கப்பூரின் கட்டாய தேசிய சேவையில், சேர்ந்து புலாவ் தேக்கோங் தீவுப் பயிற்சி முகாமில் இருக்கிறான், வார இறுதியில் வந்தால் சாப்பிடுவதும் தூங்குவதும்தான். அம்மாவுக்கு மூட்டு வலி தேவலாம், ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு ஓஃபிர் சாலை லூர்து மாதா கோயிலுக்கு எங்களோடு வந்துவிடுகிறார்.

சரி, சங்கீர்த்தனம் என்று பாவங்களைக் குருவிடம் போய்ச் சொல்கிறோமே, கடவுளிடமே நேரே சொன்னால் போதாதா, நடுவில் ஃபாதர் எதற்கு என்று கேட்டிருந்தாய். நேரே சொல்லாதே என்று திருச்சபை ஒருநாளும் சொன்னதில்லை, தினமும் படுக்கும் முன் ஆத்தும சோதனை செய்து சொல்லத்தான் சொல்கிறது. ஆனால் 'எவருடைய பாவங்களை நீங்கள் மன்னிப்பீர்களோ, அவை மன்னிக்கப்படும்' என்று உயிர்த்த இயேசு சீடர்களிடம் சொன்னதாக யோவான் 20இல் இருக்கிறதே. நாமே நமக்கு நீதிபதியாக இருந்தால் ஒன்று சீக்கிரம் விட்டுவிடுகிறோம், இல்லையென்றால் விடவே மாட்டேன் என்கிறோம். 'உன் பாவங்களை மன்னிக்கிறேன்' என்று இன்னொருவர் வாய் சொல்லிக் காதில் விழும்போதுதான் எனக்கு நிஜமாகவே இறங்குகிறது. ஊரில் பேச்சாகிவிடுமோ என்று பயப்படாதே, சங்கீர்த்தனத்தில் கேட்ட ரகசியத்தை நேரடியாக வெளிப்படுத்தும் குரு அந்தச் செயலாலேயே திருச்சபை உறவிலிருந்து விலக்கப்படுகிறார்.

எனக்கு உறுத்தியது வேறு. நிலத் தகராறில் அண்ணனைப் பற்றி நாலு பேரிடம் இல்லாததைச் சொன்னதாக எழுதிவிட்டு, 'ஈஸ்டருக்கு முன்னால் சங்கீர்த்தனத்தில் சொன்னால் கணக்குத் தீர்ந்துவிடும்' என்கிறாய். தீராதுடா. பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கும், அது உண்டாக்கிய கேட்டை எல்லாம் சரிசெய்துவிடாது என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலே சொல்கிறது: திருடியதைத் திருப்பிக் கொடு, கெடுத்த பெயரை மீட்டுக் கொடு. பைபிளில் வரும் வரி வசூலிப்பவன் சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் தருகிறேன் என்றானே, அந்த வேலையை ஃபாதர் பரிகாரமாகச் சொல்லச் சொல்லும் மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் செய்துவிடாது. பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானமாகு என்றும் மத்தேயு 5இல் இருக்கிறது, உனக்கே எழுதினாற்போல.

இங்கே ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒவ்வொரு கோயிலாக ஒப்புரவு வழிபாடு வைத்து, பல குருக்கள் ஒரே மாலையில் உட்கார்ந்து சங்கீர்த்தனம் கேட்பார்கள். நீயும் உன் பங்குக் கோயிலுக்குப் போ, கட்டாயம் போ. அப்புறம் அந்த நாலு பேரிடமும் நான் சொன்னது உண்மையில்லை என்று சொல். அண்ணன் வீட்டுக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் ஜூன் லீவில் வரும்போது நானும் கூட வருகிறேன், ஆனால் அதுவரை தள்ளிப்போடாதே. போய் வந்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்