உதவித்தொகை விண்ணப்ப மதிப்பீடு: சனி காலை 10 மணி

அனைவருக்கும் வணக்கம். குடும்பத்தில் முதல் ஆளாக நம் கலைக் கல்லூரிக்கு வரும் மாணவர்களின் விண்ணப்பங்களை வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பிரித்துத் தருகிறோம்.

1. பெயர், பள்ளி, புகைப்படம் நீக்கிய பிரதிதான் வரும். ஆனாலும் கோப்பின் பெயரிலோ கட்டுரையின் கடைசி வரியிலோ பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்தித் திருப்பி அனுப்புங்கள், வேறொருவருக்கு மாற்றிவிடுகிறேன்.

2. முதலில் மதிப்பெண் அளவுகோல், பிறகுதான் விண்ணப்பம். ஆளைப் பிடித்துப்போன பின் அளவுகோலை வளைப்பது சுலபம்.

3. ஒவ்வொன்றையும் இருவர் தனித்தனியே பார்ப்பார்கள். மதிப்பெண் போடும்வரை குழுவில் பேச்சு வேண்டாம். 5-க்கு 2 புள்ளி வித்தியாசம் வந்தால் மூன்றாமவர் பார்ப்பார்.

4. "நம்ம கல்லூரிக்குப் பொருத்தமானவர்" என்று காரணம் எழுதாதீர்கள். அது பெரும்பாலும் "நம்மைப் போலவே இருக்கிறார்" என்பதுதான். மாணவர் மன்றத் தலைவருக்கு எத்தனை மதிப்பெண்ணோ, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு மாலையில் கடை வேலைக்கும் போனவருக்கு அத்தனையே.

5. தெரிந்தவர் விண்ணப்பமா? விலகிக்கொள்ளுங்கள்.

ஒரே மூச்சில் 10-க்கு மேல் வேண்டாம்; களைப்பில் கடைசி சில விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போடக் கை இறுகிவிடும். உங்களால் எத்தனை முடியும் என்று வியாழன் இரவு 8 மணிக்குள் எண்ணை மட்டும் பதிலாகப் போடுங்கள்.